எவர்சில்வர் டப்பாவுக்குள் ஏழு போன்கள்

எங்கள் உப்பளத்தில் வேலை செய்யும் அக்காவின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். அவர் அதைப் பார்த்தது மதியம், வேலை முடிந்து பம்ப் ஷெட் பக்கம் வந்த பிறகு. இடையில் ஐந்து மணி நேரம் அவர் எங்கள் உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் நின்றிருந்தார். அங்கே எந்த நிறுவனத்தின் சிக்னலும் எட்டாது.

எங்கள் உப்பளம் என்று சொல்கிறேன். அப்பா குத்தகைக்கு எடுத்து நடத்துவது. மாப்பிள்ளையூரணி தாண்டிக் கடலைப் பார்த்துப் போகும் மண் ரோடு முடிகிற இடத்தில் பம்ப் ஷெட். அங்கிருந்து பாத்திகள் கிழக்கே நீண்டு கிடக்கும். நடந்து எண்ணியிருக்கிறேன்: கடைசி வரப்பு வரை அறுநூற்றுப் பத்து எட்டு வைக்க வேண்டும். ஷெட் வாசலில் போனில் இரண்டு கோடு இருக்கும். நூற்று ஐம்பதாவது எட்டில் ஒன்றாகும். இருநூறில் பெருக்கல் குறி விழுந்துவிடும்.

செய்தி இதுதான். துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள். அக்கா விண்ணப்பித்திருந்தார், படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான். வரும் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் ஏதோ ஒரு நாள், காலை பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில், வீடியோ அழைப்பில் நேர்காணல் நடக்கும். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வயது வரம்பு முப்பத்தைந்து. அக்காவுக்கு அது முடிய இரண்டு மாதம் இருந்தது.

அக்கா பதினொரு வருடமாக எங்கள் பாத்தியில் உப்பு வாருகிறவர். ஏழு பெண்கள் கொண்ட குழுவுக்கு அவர்தான் தலை. ஸ்கூட்டர் ஓட்டுவார். ஒருநாள் டிராக்டர்காரர் வராதபோது தானே ஏறி, டிராக்டரை வரப்பில் திருப்பி நிறுத்தினார். அன்றிலிருந்துதான் இந்த ஃபோர்க்லிஃப்ட் ஆசை.

"மூணு நாளும் லீவு போட்டுட்டு வீட்ல இருங்கக்கா," என்றேன்.

"மூணு நாள் கூலிய யாரு தருவா? உங்க அப்பாவா?"

ஷெட்டுக்குள் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "எனக்குக் காது நல்லா கேக்கும்."

"கேக்கட்டும்னுதான் சத்தமா சொன்னேன், அண்ணாச்சி."

அப்பாவுக்கும் நெருக்கடி இருந்தது. வெயிலோடு வெயிலாக ஒரு மழை வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பாத்தியில் விளைந்ததை வாரி, ஏற்கெனவே குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தை லாரியில் ஏற்றிவிட வேண்டும். அந்த வாரம் அக்கா இல்லாமல் முடியாது. அது அக்காவுக்கும் தெரியும்.

ஆக, அக்கா பாத்திக்குத்தான் போவார். அழைப்பைத்தான் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டும்.

என்னிடம் பழைய சாமான் ஒன்று இருந்தது. கல்லூரியில் கடைசி வருடம் நான் எழுதிய செயலி. சிக்னல் உள்ள ஒரு போன் தன் இணையத்தை அடுத்த போனுக்குக் கொடுக்கும். அது வாங்கிக்கொண்டே அதற்கடுத்த போனுக்குக் கொடுக்கும். வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர்க் குடம் கொடுப்பதைப் போல. யார் யாருக்குக் கொடுப்பது, யாருடைய பேட்டரி குறைந்துவிட்டது, ஒருவர் விலகினால் யார் வழியாகச் சுற்றிப் போவது, இதையெல்லாம் செயலியே முடிவு செய்யும். போன் வைத்திருப்பவர் ஒன்றும் செய்ய வேண்டாம். நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிட்டு என் கணினியில் தூங்கிக்கொண்டிருந்தது. என் அலுவலக வேலை வீட்டிலிருந்துதான், மதியம் இரண்டுக்கு மேல். காலை முழுக்க என் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷெட் வாசலில் ஏழு பேருடைய போனிலும் அதை ஏற்றினேன். அவர்களில் எனக்கு மதினி முறை ஒருவர்; குழுவில் வாய் அதிகம் அவருக்குத்தான், போனும் இருப்பதிலேயே புதியது அவருடையதுதான்.

"ஏளா, என் நெட்ட இவளுவ குடிச்சிருவாளுவளா?" என்று கேட்டார் மதினி.

"உங்க நெட்டு இல்ல மதினி. எல்லாம் அப்பா போன்ல இருந்து வரும். உங்க போன் வாங்கிக் கைமாத்தும், அவ்வளவுதான்."

"அப்ப சரி. அண்ணாச்சி நெட்டுதான? நல்லா குடிங்கட்டீ."

அப்பா மறுபடியும் தலையைத் தூக்கினார்.

ஷெட் வாசலில் சோதித்தபோது அப்பாவுடையதோடு எட்டுப் போனும் என் மடிக்கணினித் திரையில் பச்சையாக எரிந்தன. ஏழு பேரும் பாத்திக்குக் கிளம்பினார்கள். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் அப்பாவின் போன் மட்டும் தனியாக எரிந்தது.

தூரம் காரணமாக இருக்காது. அவர்கள் முதல் பாத்தியைக் கூடத் தாண்டவில்லை. எனக்குக் காரணங்களைப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அன்று பதினொன்று எழுதினேன். உப்புநீர் அலைகளை விழுங்குகிறதோ. வெயிலில் போன் சூடாகித் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறதோ. நடக்கும்போது இணைப்பு மாறுவதில் பிழையோ. மதினி செயலியை அழித்துவிட்டாரோ. (இதை நேரில் கேட்டேன். "ஆமா, எனக்கு வேற வேல இல்ல பாரு" என்று பதில் கிடைத்தது.) அன்று மாலை அலுவலக வேலைக்கு நடுவே இணைப்பு மாறும் பகுதியை முழுக்கத் திருத்தி எழுதினேன்.

சனிக்கிழமையும் அதே கதை. பத்து நிமிடத்தில் எல்லாம் அணைந்தது. ஆனால் பத்தரை மணி வாக்கில் ஏழு போன்களும் ஒரே நேரத்தில் பச்சையாகின. முந்தைய நாள் பதிவைப் புரட்டினேன். அன்றும் பத்தரைக்கு எல்லாம் உயிர்பெற்று, கால் மணி நேரம் எரிந்து, மறுபடி அணைந்திருந்தன; நான்தான் கவனிக்கவில்லை.

பத்தரை அவர்கள் கஞ்சி குடிக்கிற நேரம்.

கஞ்சி குடிப்பது ஷெட்டை ஒட்டிய முதல் வரப்பில். நடந்து போனேன். கஞ்சி முடித்து, கை கழுவி, எழுந்துகொண்டிருந்தார்கள். அக்கா தன் போனை முந்தானையில் ஒரு முறை துடைத்தார். துணியில் சுற்றினார். எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தார். மூடியை உள்ளங்கையால் தட்டி இறுக்கினார். மற்ற ஆறு பேரும் அதையே செய்தார்கள்.

"அக்கா, போன எதுக்கு டப்பாக்குள்ள வைக்கீங்க?"

"வேற எதுல வைக்க? உப்புக் காத்துல போன் மூணு மாசம் தாங்காது பாப்பா. டப்பாக்குள்ள வச்சா வருசக்கணக்கா உழைக்கும்."

நான் மதினியின் டப்பாவை வாங்கி, மூடியபடியே கையில் வைத்துக்கொண்டு, செயலி ஏற்றிய என் போனைப் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் இருந்த போனைக் காணவில்லை. மூடியைத் திறந்தேன், பச்சை. மூடினேன், இல்லை. அலைகளை வெளியே நிறுத்த இதைவிட நல்ல பெட்டியைப் பாடப் புத்தகம் கூடச் சொல்லாது. நாலு பக்கமும் இரும்பு, மேலே இறுக்கமான மூடி.

இதில் என்னைத்தான் நான் முதலில் திட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் டார்ச் விளக்கு எவர்சில்வர் தூக்குக்குள் இருக்கும். டிவி ரிமோட்டுக்கே ஒரு டப்பா உண்டு. அதன் மேல் அம்மா பேர் வெட்டியிருக்கிறது. சின்ன வயதில் உப்பளத்துக்கு வரும்போது என் கைக்கடிகாரத்தைக் கழற்றி டப்பாவில் போட்டு வாங்கியவள்தான் நான். ஆனாலும் என் பதினொரு காரணங்களில் டப்பா இல்லை. பிழை என் எழுத்தில்தான் இருக்கும் என்று இரண்டு நாள் நம்பியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் மதினி இடுப்பில் கை வைத்தார். "அப்ப நாங்க ஏழு பேரும் நெட்ட டப்பாக்குள்ள போட்டு மூடி வச்சிட்டு, வரலையே வரலையேன்னு இருந்திருக்கோம்."

"இவ ரெண்டு நாளா கம்ப்யூட்டரப் போட்டு உருட்டிக்கிட்டு இருந்தா," என்றார் அக்கா. சிரிப்பில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

போனை வெளியே வைக்கவும் முடியாது. அவர்கள் சொன்ன உப்புக் காற்றுக் கணக்கு சரி. பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது தெரிந்தால் இன்னும் நல்லது. மாலையில் எங்கள் தெருப் பெட்டிக்கடைக்குப் போய்க் காலி மிட்டாய் பாட்டில் ஏழு கேட்டேன்.

"ஏழா?" என்றார் கடை அண்ணாச்சி. "எனக்குப் போட்டியா கட போடப் போறியா, தாயி?"

"உப்பளத்துக்கு அண்ணாச்சி."

"உப்பளத்துலயா மிட்டாய் விக்கப் போற?" என்றபடி சிவப்பு மூடி நான்கும் பச்சை மூடி மூன்றுமாக எடுத்துத் தந்தார்.

திங்கட்கிழமை வரப்பில் இடைவெளி விட்டு மிட்டாய் பாட்டில்கள் உட்கார்ந்தன. ஏழு போனில் இரண்டு பழையவை, வாங்கும், கொடுக்காது. மீதி ஐந்தை வைத்துத்தான் அறுநூற்றுப் பத்து எட்டையும் கடக்க வேண்டும். நடுவில் உப்பு அம்பாரம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக நின்று வழியை மறைத்தது. மறைப்பதன் உச்சியிலேயே ஒரு பாட்டிலை வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் பார்க்கும் என்று தோன்றியது. மதினியின் போன்தான் நல்ல போன். அதை அம்பாரத்தின் உச்சியில் குழி தோண்டி ஊன்றினோம். வெள்ளை மலைமேல் சிவப்பு மூடி.

கடைசிப் பாத்தியில் அக்காவின் போனில் வீடியோ ஓடியது. நான் ஷெட்டிலிருந்து கூப்பிட்டேன். அக்கா முகம் தெளிவாகத் தெரிந்தது, பின்னால் துறைமுகத்துக் கிரேன்கள் கூட.

"நல்லா தெரியுதா பாப்பா? மூஞ்சில உப்பு ஒட்டிருக்கா?"

"இருக்கு. இடது கன்னத்துல."

அன்று அழைப்பு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. பத்தரைக் கஞ்சி நேரம் அரை மணியானது. ஆளுக்கொரு நாடகம் ஓடியது. மதினி உப்பு வாரிக்கொண்டே காதில் பாட்டு கேட்டார். அப்பா ஷெட் வாசலில் நின்று கிழக்கே பார்த்தார்.

"இது உப்பளமா, மிட்டாய்க் கடையா, தியேட்டரா?"

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட எனக்குப் பயம் பேட்டரியைப் பற்றி. அழைப்பு வரும் நேரத்தில் நடுவில் ஒரு போன் தீர்ந்து போனால் எல்லாம் போச்சு. செவ்வாய் மாலை செயலியில் ஒரு விதி சேர்த்தேன்: அக்காவின் போனுக்கு முதலில், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நாடகத்துக்கு இல்லை. புதன் காலை அதைச் சொன்னபோது சண்டை வரும் என்று நினைத்தேன்.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா," என்றார் மதினி. "அவளுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாடகத்த நாளைக்குப் பாத்தா செத்தா போயிருவோம்?"

புதன் காலை பத்து மணிக்கு லாரி வந்தது. கூடவே உப்பை அள்ளிப் போடும் லோடரும் வந்தது. அம்பாரத்தை ஏற்றப் போகிறார்கள்.

அம்பாரத்தை அந்த வாரம் ஏற்ற வேண்டும் என்று வியாழக்கிழமையே தெரியும். அதன் தலையிலேயே நடுப் போனை வைத்தபோது ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பதினைந்து நாளாக அங்கேயே நின்றதால் அது மண்மேடு மாதிரி எங்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது.

லோடர் ஓட்டுநரிடம் ஓடினேன். "அண்ணே, உச்சியில பாட்டில் இருக்கு. ஒரு மணி வரைக்கும் அந்தப் பக்கம் தொடாம இருக்க முடியுமா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "மிட்டாயா?"

"போன்."

"சரி, அந்தப் பக்கத்தக் கடைசியா எடுக்கேன்."

அவர் சொன்னபடிதான் செய்தார். தெற்கு ஓரத்தில் கீழிருந்து அள்ளினார். பதினொன்றே காலுக்கு அக்காவின் போன் அடித்தது. என் திரையில் அக்காவின் பச்சைப் புள்ளி துடித்தது. கடைசி வரப்பில் அக்கா உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்தார். வணக்கம் சொல்வது தூரத்திலிருந்தே தெரிந்தது.

இரண்டு நிமிடம் இருக்கும். கீழே வயிறு காலியான அம்பாரம், உச்சியோடு சேர்த்து மெதுவாக ஒரு பக்கம் சரிந்தது. சிவப்பு மூடி உப்போடு வழுக்கிக்கொண்டு லாரிப் பக்கமாக உருண்டது.

"ஏய், என் போனு!" மதினியின் குரல் ஷெட் வரை கேட்டது.

என் திரையில் அம்பாரத்துக்குக் கிழக்கே இருந்த எல்லாமே அணைந்துவிட்டன. அக்கா போனை உயர்த்திப் பிடித்தபடி இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். ஒரு முறை கூப்பிட்டாயிற்று. இன்னும் ஒரு முறைதான்.

பாட்டில் உடையவில்லை. மதினி அதைப் பொறுக்கினார். ஆனால் தரையில் வைத்தால் பாதி சரிந்த உப்பும் லாரியும் நடுவே மறைத்தன, உயரம் வேண்டும். "உயரத்துல வைங்க மதினி!" என்று கத்தினேன். அவர் சுற்றிலும் பார்த்தார். அந்த வெளியில் அம்பாரத்தை விட்டால் உயரம் எது? மதினி தன் உப்புக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினார், பாட்டிலை அதற்குள் நிறுத்தினார், கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு லாரியைத் தாண்டிய வரப்பில் போய் நின்றார்.

மதினியைப் பார்த்து அடுத்தவர் தன் பாட்டிலை எடுத்துக் கூடைக்குள் வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். வாங்க மட்டுமே தெரிந்த பழைய போன்காரர்கள் இரண்டு பேரும் கூடத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அதனால் பயன் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் ஷெட் பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. நான் என் போனோடு ஓடுவதற்குள் அப்பா தன் போனை என் கையில் திணித்துவிட்டு என் போனைப் பிடுங்கினார்.

"நீ ஷெட்ல நின்னு பாரு. நான் போறேன்."

அப்பாவுக்குத் தலையில் வைத்துப் பழக்கமில்லை. ஒரு கையால் போனை உயர்த்திப் பிடித்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர் மாதிரி வரப்பில் நின்றார்.

"அண்ணாச்சி, கைய இறக்காதீய!" என்றார் மதினி.

"வேலைக்கு இருக்க ஆள வெளிய அனுப்ப நானே கம்பமா நிக்கேன் பாரு," என்றார் அப்பா. கையை இறக்கவில்லை.

மடிக்கணினித் திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பச்சை கிழக்கே நகர்ந்தது. கடைசியாக அக்கா. அதே நொடியில் இரண்டாவது அழைப்பு வந்தது.

பேசியது என்ன என்பதைப் பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். எதிர்முனையில் ஒரு அம்மா. ஏன் துண்டித்துப் போனது என்று கேட்டிருக்கிறார். அக்கா போனைத் திருப்பி வரிசையைக் காட்டியிருக்கிறார்.

"ஏன் எல்லாரும் அப்படி நிக்கிறாங்க?"

"எனக்கு நெட்டு குடுக்காங்க மேடம்."

"கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறவர் யாரு?"

"எங்க மொதலாளி."

அந்த அம்மா பிறகு கேட்டிருக்கிறார்: அடுக்கி வைத்திருக்கும் சரக்கில் எதைக் கடைசியில் எடுக்க வேண்டும்? "அடியில இருக்கத, மேடம். அடியில கை வச்சா உச்சி சரியும். இப்பதான் ஒண்ணு சரிஞ்சுது, பாக்கீங்களா?" என்று அக்கா அம்பாரத்தையும் காட்டியிருக்கிறார்.

பதினேழு நிமிடம். அது முடிகிற வரை ஏழு பேரும் வாரவில்லை, லாரி ஏற்றவில்லை, லோடர் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். முடிந்ததும் அக்கா போனை இறக்கி இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டே வந்து, "அந்தப் பாட்டில இனி அம்பாரத்துல வைக்காத," என்று மட்டும் சொன்னார்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த அன்று அப்பா எல்லோருக்கும் அல்வா வாங்கினார். அடுத்த நாளிலிருந்து குழுவுக்குத் தலை மதினி. மழை நான்கு நாள் தள்ளி வந்தது. அதற்குள் அம்பாரம் போயிருந்தது.

பயிற்சி முடிந்து அக்கா வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு காலை வேளையில் எனக்குக் கூப்பிட்டார். பின்னால் லாரிகள் பின்னோக்கி வரும் சத்தம்.

"ஏளா, உன் மிட்டாய் பாட்டில் இன்னும் இருக்கா?"

"இருக்குக்கா. ஏன்?"

"வண்டிய எடுத்துக்கிட்டு கண்டெய்னருக்குள்ள போனா நெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கும்போது எங்க சூப்பர்வைசர் கூப்பிட்டா எனக்குக் கேக்க மாட்டேங்கு. இங்கன உள்ளவங்க டவர்ல கோளாறுன்னு ஒரு மாசமா எழுதிப் போட்டுக்கிட்டு இருக்காங்க." அக்கா குரலைத் தாழ்த்தினார். "நான்தான் சொன்னேன், டவர்ல ஒண்ணும் இல்ல, நீங்க நிக்கது நாப்பதடி எவர்சில்வர் டப்பாக்குள்ளன்னு."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். குறிப்பேட்டில் எடுத்துப் போக வேண்டியவற்றை எழுதினேன். பாட்டில் ஐந்து, செயலியின் புதிய வடிவம், நாற்பது அடியை அளக்க ஒரு டேப். காரணங்கள் என்ற தலைப்பில் முதல் வரியாக டப்பா என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.